கல்வெட்டு

கல்லில் வெட்டிய எழுத்து கல்வெட்டு. தமிழ்நாட்டில் இச்சொல்லைக் கேட்டால் கோயில் சுவரும் நடுகல்லும் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்திலோ அது தாளில் அச்சான சிறு நூலையும் குறிக்கும். ஒருவர் காலமான 31ஆம் நாளையொட்டி, கீரிமலை போன்ற தீர்த்தக்கரையில் அந்தியேட்டி முடித்து, வீட்டில் செய்யும் சடங்கான வீட்டுக்கிருத்தியத்துக்கு வருவோர் கையில் கொடுப்பது. ('அந்தியேட்டி' வடமொழி 'அந்த்யேஷ்டி'யின் திரிபு, இறுதி வேள்வி என்று பொருள்.)

உள்ளே படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் இருக்கும். தலையாயது திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி அனைத்தும் நான்கடிக்குள் அடங்கிவிடும். ஆட்டைத் (ஆண்டுத்) திதிக்கு நாள் பார்க்க அதுவே போதும். இறந்தவர் ஊர் மதித்த ஆசிரியர் என்றால் பக்கம் கூடும். மனைவி, மக்கள், மருமக்கள், பேரர் புலம்பல்களுக்குப் பின்னால், காசு வாங்காமல் இரவில் கணக்குச் சொல்லித்தந்ததை ஒரு பழைய மாணவர் எழுதியிருப்பார். அந்த ஆசிரியர் நல்லவர் என்பதற்கு எனக்கு அந்த ஒரு பத்தியே பெரிய சான்று.

கல் தாளான பின்னும் பெயர் மாறவில்லை. பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை ஒன்றுதானே. ஆனால் தாளைக் கறையான் அரிக்கும். அதனால் இலங்கைத் தமிழ் நூல்களை மின்வடிவில் பேணும் நூலகம் நிறுவனம் இத்தகைய நினைவு மலர்களை இணையத்தில் சேர்த்துவருகிறது. உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய கல்வெட்டு இருந்தால் எறிந்துவிடாமல் படியெடுத்து அந்நிறுவனத்துக்குக் கொடுங்கள்.