மாதவி: மேடை மறந்த பிற்பாதி

கற்பிட்டி முதல் உடப்பு, சிலாபம் வரை நீளும் புத்தளக் கடற்கரை நெய்தல் நிலமாகும். காவியப் பெண்டிர் தெய்வமாகி வழிபாடு பெறுவது இக்கரைக்குப் புதிதன்று. உடப்பிலே திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீமிதிப்பு நிகழ்கின்றது. கண்ணகியோ ஈழத் தமிழர்க்குக் கண்ணகை அம்மன். சிங்கள மக்களுக்குப் பத்தினித் தெய்வம். சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் உடனிருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். அதே காவியத்து ஆடலரசியாகிய மாதவியின் வாழ்வோ கூத்தாகவும் நாட்டிய நாடகமாகவுமே வாழ்ந்து வருகின்றது. அங்கும் அவளுக்குப் பாதி நீதியே கிடைத்தது.

ஐந்தாம் வயதில் பயிலத் தொடங்கிய மாதவி, ஏழாண்டுப் பயிற்சியின் பின் பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள். ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகிய அறுவர் அவளுக்குத் துணை நின்றனர். அரங்கு ஏழுகோல் அகலமும் எட்டுகோல் நீளமும் ஒருகோல் உயரமும் கொண்டது. மூவகைத் திரைகளும் இருந்தன. தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் அவள் பெற்ற பரிசில்கள். தமிழர் அரங்கக் கலையின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இப்பகுதி ஒரு கருவூலமாகும்.

கதையின் திருப்பம் கடற்கரையிலே நிகழ்கின்றது. இந்திர விழா முடிவில், புகார்க் கடற்கானலில் கோவலன் யாழ் மீட்டிக் காவிரியைப் பாடினான். அவன் மனம் வேறொருத்திபாற் சென்றது என ஐயுற்ற மாதவி, தானும் வேறு குறிப்புடையாள் போலப் பாடினாள். பாட்டைப் பாட்டாகக் கொள்ளாத கோவலன் அவளைப் பிரிந்தான். ஊடலாய் முடிந்திருக்க வேண்டியது, மதுரைக் கொலைக்களம் வரை சென்றது.

பிற்காலக் கூத்துகள் பலவற்றில் மாதவி பொருள் கவரும் பரத்தையாகவே வருகின்றாள். கோவலன் பிரிந்ததும் அவளுக்கு மேடையில் வேலையில்லை. இளங்கோவடிகள் அவ்வாறு விடவில்லை. மாதவி இருமுறை மடல் எழுதினாள். முதல் மடலைக் கோவலன் ஏற்க மறுத்தான். இரண்டாம் மடலைக் கோசிகன் காட்டு வழியிற் கொணர்ந்தான். அதனைப் படித்த கோவலன், குற்றம் அவளுடையதன்று, தன்னுடையதே என உணர்ந்தான். அவன் இறந்த செய்தி கேட்ட மாதவி துறவு பூண்டாள்.

மணிமேகலைக் காப்பியத்தில் அவள் பெருமை மேலும் ஓங்குகின்றது. விழாவில் ஆட வருமாறு தாய் சித்திராபதி ஆளனுப்பி அழைத்தாள். மாதவி மறுத்தாள், தான் பெற்ற மணிமேகலையைக் கண்ணகியின் மகள் என்றே கூறினாள். குலத்தொழிலின் தளையிலிருந்து மகளை மீட்டது அந்த ஒரு சொல்.

மாதவியின் வாழ்வை நாட்டிய நாடகமாக்குவோர் அரங்கேற்றத்தின் ஒளியோடும் கானல்வரியின் சோகத்தோடும் திரையை வீழ்த்துவது பொருந்தாது. சலங்கையைக் கழற்றி வைத்த பின்னரே அவளது வாழ்வின் உயர்ந்த பகுதி தொடங்குகின்றது. அதனை ஆடிக் காட்டுதல் அரிது. ஆயினும் அதனை ஆடினாலன்றி அவள் கதை முழுமை பெறாது.