தூய மின்சாரத்திற்கான பொதுப்பணம் யாருடைய கூரையைச் சேர்கிறது?

போடிநாயக்கனூர் ஒன்றியத்துச் சிலமலையில் வெயிலுக்கும் பஞ்சமில்லை; காற்றுக்கும் பஞ்சமில்லை. கம்பம் கணவாய் தமிழகத்தின் முதன்மையான காற்றுப் பாதைகளுள் ஒன்று. தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. விடியும் முன்பே ஜீப்பில் ஏறி ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறும் தலித் பெண்கள் பலருக்கு அவற்றில் ஒரு பங்கும் இல்லை. இதனை இயற்கையின் ஓரவஞ்சனை என்று கூற முடியாது. நிதி வகுக்கப்பட்ட முறையே இதற்குக் காரணம் என்பது எங்கள் வாதம்.

சலுகை யாருக்கு?

காற்றாலையிலிருந்து தொடங்குவோம். ஒரு நிறுவனம் தான் நிறுவிய காற்றாலையின் மதிப்பில் 80 விழுக்காடு வரை ஓராண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள அரசு பல ஆண்டுகள் இடமளித்தது. 2017 ஏப்ரல் முதல் அது 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரி கட்டும் அளவுக்கு இலாபம் ஈட்டுபவருக்கே இச்சலுகை பயன்படும். கூலித் தொழிலாளிக்கோ ஊராட்சிக்கோ பயன்படாது.

அடுத்து, கூரைச் சூரிய மின்சாரம். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். சூரிய கர் திட்டத்தின் மதிப்பு 75,021 கோடி ரூபாய். இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். இதனைப் பெறத் தகடு தாங்கும் சொந்தக் கூரையும் முறையான மின் இணைப்பும் வேண்டும். மானியம் வங்கிக் கணக்கில் சேர்வது தகடு பொருத்தப்பட்ட பிறகே. முன்பணமோ வங்கிக் கடனோ இன்றி இதில் நுழைய முடியாது. ஓட்டு வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் வாழ்பவர், பட்டா இல்லாதவர், கடன் மறுக்கப்படுபவர் ஆகியோர் வாசலிலேயே நின்றுவிடுகின்றனர்.

இன்னொரு முரணும் உண்டு. தமிழகத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். அந்த அளவுக்குள் வாழும் ஏழைக் குடும்பத்திற்கு மின்கட்டணமே இல்லை. ஆதலால் தகடு பொருத்தினாலும் மிச்சப்படுத்த ஏதுமில்லை. குளிர்சாதனம் ஓடும் மாடி வீட்டுக்கே மிகுந்த ஆதாயம். மானியத்தைத் தனி வீட்டின் கட்டணத்தோடு பிணைத்தால், அது நுகர்வு மிகுந்தவரையே நாடிச் செல்லும்.

இதே திட்டத்தின் மாதிரிச் சூரிய கிராமப் பிரிவு மாவட்டத்திற்கு ஓர் ஊருக்கு 1 கோடி ரூபாய் வழங்குகிறது. 5,000 பேருக்கு மேல் வாழும் ஊர்கள் போட்டியிட வேண்டும். மிகுந்த மின்திறனை நிறுவும் ஊரே வெல்லும். அதாவது, முதல் உள்ள ஊருக்கே பரிசு. சிறு குடியிருப்புகள் போட்டிக்குள் வரவே இல்லை.

மலைமேல் நிலை

2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம், மின்கம்பம் எட்டாத பழங்குடி வீடு ஒன்றுக்கு 50,000 ரூபாய் வரை சூரிய மின் அமைப்புக்கு ஒதுக்குகிறது. ஆயின் அது மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் எனப் பட்டியலிடப்பட்டோருக்கு மட்டுமே. தமிழகத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுக்களே அப்பட்டியலில் உள்ளன. போடி மலைச்சரிவுகளில் வாழும் பளியரும் முதுவரும் அதில் இல்லை.

ஓடந்துறை காட்டிய வழி

கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. செலவு 1.55 கோடி ரூபாய். சேமிப்பு 40 இலட்சம் போக எஞ்சியது வங்கிக் கடன். ஊராட்சியின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்திற்கு விற்கப்பட்டு, அந்த வருமானத்தில் கடன் அடைந்தது. உடைமை ஊராட்சியுடையது, ஆதலால் வருமானமும் ஊருக்கே. கட்டணமே செலுத்தாத ஏழை வீட்டுக்கும் பொது வருமானத்தில் உரிமை பிறக்கிறது. தனிக்கூரைத் திட்டம் தர இயலாதது இது. ஆனால் 40 இலட்சம் சேமிப்பு எல்லா ஊராட்சிக்கும் வாய்க்காது. அந்த இடத்தை அரசின் நிதியே நிரப்ப வேண்டும்.

சட்டத்தில் உள்ள இடம்

முதலாவது, தமிழக அரசு 2024இல் நிறைவேற்றிய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம். மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப நிதியை ஒதுக்கி, அம்மக்களுக்கே பயன்படச் செலவிடுவது அதன் நோக்கம். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் தலித்துகள் 20 விழுக்காடு. தலித் குடியிருப்புகளுக்குச் சொந்தமான சூரிய மின் நிலையத்தை இந்நிதியில் அமைக்கக் கோரலாம்.

இரண்டாவது, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். பிரிவு 3(2) ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தில் அரசு அமைக்கும் 13 வகை வசதிகளை அனுமதிக்கிறது. மரபுசாரா எரிசக்தி அவற்றுள் ஒன்று. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். ஆகவே மலைக் குடியிருப்புக்கு மின்சாரம் தர வனநிலம் தடை என்று கூறுவது முழு உண்மையன்று.

கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவோர் மூன்று கேள்விகளை எழுத்தில் முன்வைக்க வேண்டும். நிலையத்தின் உடைமை யார் பெயரில்? மின்கலமும் இன்வெர்ட்டரும் பழுதானால் மாற்றும் செலவு எந்தக் கணக்கில்? வருமானக் கணக்கை யார், எப்போது சபை முன் வைப்பார்? உடைமைக் கேள்விக்கு விடையில்லாத திட்டத்தில் நம் மக்கள் பயனாளிகள் பட்டியலில் மட்டுமே இருப்பார்கள். உரிமையாளர் பட்டியலில் இருக்கமாட்டார்கள்.