குவார்ட்டர் விலையில் யார் காசு?

1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த கலால் வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி பிறந்தது. 1971இல் மதுக்கடைகள் திறந்தன. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. சாராயக் காசுக்கு மாற்றாக வந்த வரி, இன்று கலால் வரியோடு சேர்ந்து பாட்டில் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

'எந்த விஸ்கி கொடுத்த காசுக்குத் தகும்?' என்று ஆண்கள் விவாதிக்கிறார்கள். மலிவு விஸ்கி பெரும்பாலும் கரும்பாலை மொலாசஸிலிருந்து வடித்த சரக்குதான். விலையில் பெரும்பங்கு வரி.

2024 பிப்ரவரியில் சாதாரண ரகக் குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் கூடியது. காரியாபட்டியில் நூறு நாள் வேலைக்கும் பட்டாசு வேலைக்கும் போகிறவள், குடிக்காமலே அந்தப் பத்து ரூபாயைக் கட்டுகிறாள். அரசின் வரவுக் கணக்கில் அவள் பெயர் மட்டும் இல்லை.