நாய் இருக்கும் வீட்டுக்கு பூனைக்குட்டி வருதா? முதல் 2 வாரம் உஷார்!

சென்னை: எலித்தொல்லை தாங்க முடியாமல் பூனை கொண்டு வருபவர்கள் உண்டு. மழையில் நனைந்து வாசலில் கத்திய குட்டியை பிள்ளைகள் தூக்கி வந்து, "வச்சுக்கலாம்மா" என்று அடம் பிடிக்கும் வீடுகளும் உண்டு. அந்த வீட்டில் ஏற்கனவே நாய் இருந்தால்தான் சிக்கல்.

"எங்க மணி ஒண்ணும் பண்ணாதுங்க, குழந்தை மாதிரி" என்று சொல்லிக்கொண்டே குட்டியை நாயின் மூக்குக்கு நேராக நீட்டுவார்கள். நாய் ஆர்வத்தில் பாயும். குட்டி நகத்தால் ஒரு கீறு கீறிவிட்டு ஓடும். ஓடினால் நாய் துரத்தும். அவ்வளவுதான், முதல் நாளே காரியம் கெட்டது.

நாய்க்கு பூனை மேல் ஜென்மப் பகை எதுவும் கிடையாது. சின்ன உருவம் ஒன்று குறுக்கே ஓடினால் துரத்தத் தோன்றும். அதில் அதற்கு ஒரு குஷி. ஒருமுறை ருசி கண்டுவிட்டால் மறுநாளும் துரத்தும். அந்த முதல் துரத்தல் நடக்காமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வால் ஆட்டினால் அர்த்தமே வேற!

இரண்டுக்கும் பாஷை ஒத்துப்போகாது. நாய் பொதுவாக சந்தோஷத்தில் வாலை ஆட்டும். பூனை வாலை படார் படார் என்று அடித்தால் எரிச்சலில் இருக்கிறது என்று அர்த்தம். நாய் மல்லாக்கப் படுத்தால் பெரும்பாலும் சரண்டர். நாய்க்கு முன்னால் பூனை மல்லாந்தால் நாலு கால் நகத்தையும் சண்டைக்கு தயார் பண்ணுகிறது. நாய் முறைத்துப் பார்த்தாலே பூனைக்கு உயிர் பயம் வந்துவிடும்.

ஒரே ரூம் வீட்டில் என்ன செய்வது?

முதல் நாட்களில் பூனையை தனி அறையில் வையுங்கள் என்பதுதான் கால்நடை டாக்டர்கள் சொல்லும் முதல் யோசனை. ஒண்டுக்குடித்தன வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? கதவு உள்ள சமையல்கட்டு போதும். அதுவும் இல்லை என்றால் பெரிய கூண்டு ஒன்றை இரவல் வாங்கி, பாதியை துணியால் மூடி உயரமான இடத்தில் வைக்கலாம். நாயை வராந்தாவில் கட்டிப்போடலாம். பாத்ரூம் மட்டும் வேண்டாம். தரையில் ஊற்றும் பினாயில் காலில் ஒட்டி, அதை நக்கினால் பூனைக்கு விஷம்.

2 வாரம் பிரித்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தெருக்குட்டி தெள்ளுப்பூச்சி, குடற்புழு, படர்தாமரை என்று எதையாவது கொண்டு வரும். இவை நாய்க்கும் தொற்றும், வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும். அதற்குள் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் 1903-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

இந்த நாட்களில் முகம் பார்க்காமலே பழக விட வேண்டும். பூனை படுத்த பழைய துண்டை நாய் படுக்கும் இடத்தில் போடுங்கள். நாயின் கோணியை பூனை பக்கம் வையுங்கள். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நாய்க்கு சோறு, அந்தப் பக்கம் பூனைக்கு சோறு. அந்த வாசனை வரும்போதெல்லாம் சாப்பாடும் வருகிறது என்று இரண்டும் கண்டுபிடித்துவிடும்.

நேருக்கு நேர்

பார்க்க விடும் நாளில் நாயை முதலில் நல்லா வாக்கிங் கூட்டிப்போய் களைக்க விட்டு, சாப்பாடும் போட்டுவிட வேண்டும். சங்கிலியை ஒருவர் பிடிக்க, பூனை பக்கம் இன்னொருவர் இருக்க வேண்டும். நடுவில் கிரில் கேட் இருந்தால் ரொம்ப நல்லது. பூனையை மடியில் அமுக்கிப் பிடிக்கக்கூடாது. பயந்தால் உங்கள் மூஞ்சியில்தான் ஏறும்.

5 நிமிஷம் போதும். பூனையைப் பார்த்துவிட்டு நாய் உங்கள் பக்கம் திரும்பினால் உடனே ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். உடம்பை விறைத்து, வாயை மூடி, கண் இமைக்காமல் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால் அன்றைக்கு போதும், வெளியே கூட்டிப்போய்விடுங்கள். அடிக்காதீர்கள். பூனை வந்தாலே அடி விழுகிறது என்று நாய் கணக்கு போட்டுவிடும்.

பூனைக்கு உயரம்தான் கோட்டை. பீரோ மேலே, பரண், ஷெல்ப் என்று நாய்க்கு எட்டாத இடம் இரண்டு மூன்று காலியாக இருக்க வேண்டும். பூனை சாப்பாடும் அங்கேதான். மணல் தொட்டியை நாய் நெருங்காத மூலையில் வையுங்கள். சொல்லவே கூச்சமாக இருந்தாலும் உண்மை, பூனையின் கழிவை பல நாய்கள் தின்னும். அந்த இடத்தில் ஒருமுறை பயந்துவிட்டால் பூனை அடுத்து உங்கள் பாயைத்தான் தேடும்.

முதல் 1 மாதம் இரண்டையும் தனியாக விட்டுவிட்டு எதிர்க்கடைக்குக்கூட போகக்கூடாது. சண்டையே வேண்டாம், லேப்ரடார் விளையாட்டாக ஒரு கால் வைத்தாலே குட்டியின் எலும்பு முறிந்துவிடும்.

சிப்பிப்பாறை, கன்னி, 2005-ம் ஆண்டு தபால் தலையில் இடம்பிடித்த ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கு வளர்க்கப்பட்ட இனங்கள். பழகவே பழகாது என்று இல்லை, ஆனால் இவற்றை நம்பி அசந்துவிட முடியாது. சின்னக் குட்டியிலேயே பூனையோடு வளர்ந்த நாய்க்கு இந்தப் பாடு பெரிதாக இல்லை.

உண்ணி மருந்து உயிரைக் குடிக்கும்

சண்டையைவிட மோசமான ஆபத்து மருந்து டப்பாவில் இருக்கிறது. நாயின் கழுத்தில் விடும் உண்ணி சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும், பூனை தாங்காது. உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து செத்தே போகும். பூனைக்கு நேரடியாகப் போடாவிட்டாலும், மருந்து விட்ட நாயை ஒட்டிப் படுத்தாலோ நக்கினாலோ ஆபத்துதான். உண்ணிக்கு குளிப்பாட்டும் அமிட்ராஸ் மருந்தும் பூனைக்கு ஆகாது. மருந்து வாங்கும்போதே "வீட்ல பூனையும் இருக்கு டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நடுக்கம் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமாலும் பூனைக்கு எமன்.

சாப்பாட்டிலும் கணக்கு வேறு. நாய் தயிர்சோறு தின்று காலம் தள்ளிவிடும். பூனைக்கு டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும். அது மீன், கறியில்தான் கிடைக்கும். இல்லாவிட்டால் நாளடைவில் கண் பார்வை போகும், இதயமும் கெடும். அதற்காக மீன் குழம்பை ஊற்றாதீர்கள், வெங்காயமும் பூண்டும் அதற்கு ஆகாது. வெறுமனே வேகவைத்து முள் எடுத்த மீன் போதும். மாட்டுப்பால் பல பூனைகளுக்கு வயிற்றால் போகும்.

இரண்டுக்கும் வெறிநாய்க்கடி தடுப்பூசி அவசியம். விலக்கிவிடப் போய் கடியோ கீறலோ பட்டால், பூனை நகம்தானே என்று மஞ்சள் பூசிவிட்டு இருக்கக்கூடாது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். ஊசி அங்கே இலவசம்.

எத்தனை நாளில் ஒத்துப்போகும்? சில வீடுகளில் 3 வாரம், சில வீடுகளில் பல மாதம். கட்டிப்பிடித்து தூங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்று வராந்தாவிலும் மற்றது பீரோ மேலும் படுத்து, ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் இருந்தாலே ஜெயிச்சாச்சு.

ஏற்கனவே ஒரு பூனையைக் கடித்துக் கொன்ற நாய் என்றால் இந்த சோதனையே வேண்டாம். குட்டியை வேறு நல்ல இடத்தில் கொடுத்துவிடலாம். எலிக்கு பொறி வைத்துக்கொள்ளலாம். விஷம் மட்டும் வைக்காதீர்கள், செத்த எலியை முதலில் கவ்வுவது உங்கள் வீட்டு நாயாகத்தான் இருக்கும்.