பேனாவும் மைப்பேனாவும்: ஒரு சொல்வரலாறு

தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து வழங்கும் ஏலப்பாறை போன்ற மலையூர்களில் ஒரே கருவி 'பேனா' எனவும் 'பேன' எனவும் பெயர் பெறும். இரண்டிற்கும் மூலம் போர்த்துக்கீசியச் சொல்லே. அதன் முதற்பொருள் இறகு என்பதாகும். இறகு போய் எஃகுமுள் வந்தபோதும் பெயர் மாறவில்லை.

1884-இல் வாட்டர்மன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஊற்றுப்பேனா இந்தியாவில் சுதேசிப் பொருளாகவும் உருப்பெற்றது. ராஜமுந்திரி ரத்னம் பேனாவைப் பாராட்டிக் காந்தியடிகள் 1935-இல் மடல் எழுதினார். திருவள்ளூரில் எபோனைட்டு எனப்படும் இறுகிய ரப்பர்த் தண்டைக் கடைசல் பொறியிலிட்டுக் கையால் கடைந்து செய்யும் பேனாக்களை இன்று அயல்நாட்டுச் சேகரிப்பாளரும் வாங்குகின்றனர்.

பந்துமுனைப் பேனா பெருகியதும் 'பேனா' என்னும் பொதுப்பெயர் அதற்குரியதாயிற்று. பழைய கருவி 'மைப்பேனா' என அடைபெற்றது. பந்துமுனையிலும் மை உண்டு. எனவே இவ்வடை மையின் இருப்பையன்று, மை ஊற்றி நிரப்பும் செயலையே சுட்டுகிறது எனலாம்.

இம்மாற்றம் மொழிபெயர்ப்பாளருக்கு இன்றியமையாதது. 1940-களின் கதையொன்றில் ஒருவர் பேனாவை உதறினால் மை இறங்கவில்லை என்பது பொருள். அங்குப் 'பேனா' என்பதை இன்றைய பொருளில் பெயர்த்தால் அச்செயல் காரணமற்றதாகிவிடும். முள், கழுத்து முதலிய உறுப்புப்பெயர்கள் பழுதுபார்ப்போரிடம் இன்னும் வழங்குகின்றன. அத்தொழில் அருகுமுன் அவற்றைத் தொகுத்தல் வேண்டும்.