பித்தப்பைப் புற்றுநோய்: கண்டறிதல், சிகிச்சை வரலாறு

பித்தப்பை என்பது கல்லீரலின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும், பேரிக்காய் வடிவிலான சிறிய பை ஆகும். கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சேமித்து, உணவு உண்டபின் குடலுக்கு அனுப்புவது இதன் பணி. இப்பையில் தோன்றும் புற்றுக்கட்டி அரிதானது, ஆனால் கொடியது. இதன் வரலாறு, இறந்த உடலில் மட்டுமே காண முடிந்த ஒரு நோயை, உயிருடன் இருக்கும்போதே கண்டறிய மருத்துவர்கள் எடுத்த முயற்சிகளின் வரலாறாகும்.

முதல் பதிவு

1777-ஆம் ஆண்டில் வியன்னா மருத்துவர் மாக்சிமிலியன் ஸ்டோல், பிணப் பரிசோதனையில் தாம் கண்ட பித்தப்பைப் புற்றுநோயைப் பதிவு செய்தார். அக்காலத்தில் வயிற்றைத் திறந்து அறுவை செய்வது மிக அரிது. மயக்கமருந்தும் கிருமிநீக்க முறையும் 19-ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. அதனால் நோயின் பெயர் தெரிந்தும் நூறாண்டுகளுக்கு மேல் சிகிச்சை எதுவும் இல்லை.

முதல் அறுவை

1882 ஜூலை 15 அன்று பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக், 43 வயது ஆண் ஒருவரின் பித்தப்பையை முழுவதுமாக அகற்றினார். நோயாளி உயிர் பிழைத்தார். அதுவரை மருத்துவர்கள் பையைத் திறந்து கற்களை மட்டும் எடுத்து வந்தனர். கற்கள் மீண்டும் உருவாயின. பையே இல்லாமலும் மனிதன் வாழலாம் என்பதை இந்த அறுவை காட்டியது. இது கல்லுக்காகச் செய்யப்பட்டதே எனினும், பின்னாளில் புற்றுநோய்க்கான அறுவைக்கும் இதுவே அடித்தளமாயிற்று.

ஆனால் பையை மட்டும் அகற்றுவது பலருக்குப் போதவில்லை. பித்தப்பையின் சுவர் மெல்லியது. கல்லீரல் அதை ஒட்டியே இருக்கிறது. எனவே கட்டி விரைவில் கல்லீரலுக்கும் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவுகிறது. இதை உணர்ந்து, 1954-இல் அமெரிக்காவின் கிளென், ஹேஸ் ஆகிய இருவரும் பையுடன் அதை ஒட்டிய கல்லீரல் பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றும் விரிவான அறுவையை முன்வைத்தனர்.

உள்ளே பார்க்கும் வழிகள்

1924-இல் செயின்ட் லூயிஸ் நகரில் கிரகாம், கோல் ஆகியோர், பித்தநீரில் கலக்கும் மருந்தை இரத்தநாளத்தில் செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படத்தில் பித்தப்பையைக் காட்டினர். கற்கள் தெரிந்தன, சிறிய கட்டிகளைப் பிரித்தறிவது கடினமாகவே இருந்தது. 1970-களில் பரவிய அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன் ஆகியவை சுவரின் தடிப்பையும் உள்ளே வளரும் சதையையும் காட்டின. இன்று 10 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த சதைவளர்ச்சி இருந்தால், பொதுவாகப் பையை அகற்றவே பரிந்துரைக்கின்றனர்.

எதிர்பாராமல் தெரியவரும் கட்டி

1985-இல் ஜெர்மனியின் எரிக் மியூஹே, சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை அகற்றும் லேப்ராஸ்கோப்பி அறுவையைச் செய்தார். இம்முறை பரவியபின், கல்லுக்காக அகற்றிய பையை ஆய்வகத்தில் சோதிக்கும்போது புற்றுநோய் வெளிப்படுவது கவனத்துக்கு வந்தது. அறுவையின்போது பை கிழிந்து பித்தநீர் சிந்தினால் புற்றணுக்கள் வயிற்றினுள் பரவக்கூடும். ஆகவே ஐயம் இருந்தால் பையைக் கிழிக்காமல், உறையிலிட்டு வெளியே எடுக்கின்றனர். கட்டி உட்படலத்தோடு நின்றிருந்தால் பையை அகற்றியதே போதுமானது. தசை அடுக்கைத் தொட்டிருந்தால் பெரும்பாலும் விரிவான இரண்டாம் அறுவை தேவைப்படும்.

மருந்துச் சிகிச்சை

அறுவை செய்ய இயலாதவர்களுக்கு மருந்து பயன் தருமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 2010-இல் வெளியான தில்லி எய்ம்ஸ் ஆய்வு, 81 நோயாளிகளில் ஜெம்சிடபின், ஆக்சாலிபிளாட்டின் மருந்துகள் ஆயுளை நீட்டியதைக் காட்டியது. அதே ஆண்டில் வெளியான பிரித்தானிய ஆய்வில், பித்தநாள, பித்தப்பைப் புற்றுநோயாளிகளுக்கு ஜெம்சிடபினுடன் சிஸ்பிளாட்டின் சேர்த்தபோது சராசரி வாழ்நாள் 8.1 மாதத்திலிருந்து 11.7 மாதமாக உயர்ந்தது.

இந்திய நிலை

இந்நோய் சிலி நாட்டிலும், இந்தியாவில் கங்கைச் சமவெளியிலும் அதிகம், தமிழ்நாட்டில் குறைவு. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. நோயுற்றோரில் பெரும்பாலோருக்குப் பித்தக்கற்கள் இருக்கின்றன. ஆனால் கல் உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்று வருகிறது. எனவே கல் இருப்பவர்கள் அனைவரும் அஞ்ச வேண்டியதில்லை. அகற்றிய பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவதும், அதன் முடிவைத் தவறாமல் கேட்டு வாங்குவதும் முக்கியம். தொடக்க நிலையில் நோய் பிடிபடுவது பெரும்பாலும் அந்த ஒரு தாளில்தான்.