தலைவலிக்குக் கொடுத்த மருந்து

குழந்தைகளின் நடத்தைச் சிக்கலுக்கு மாத்திரை கொடுக்கும் வழக்கம் ஒரு தற்செயலில் பிறந்தது என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 1931-ல் எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் திறக்கப்பட்டது. எம்மா, 7 வயதில் மூளை அழற்சியால் பாதிக்கப்பட்ட சிறுமி. அவளுடைய பெற்றோர் விட்டுச்சென்ற சொத்தில் எழுந்த மருத்துவமனை இது.

அங்கே சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், குழந்தைகளின் முதுகுத்தண்டு நீரை எடுத்துவிட்டு மூளையை எக்ஸ்ரே எடுப்பார். பிறகு கடுமையான தலைவலி வரும். அதற்காக பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி குறையவில்லை. ஆனால் சில பிள்ளைகளின் படிப்பு சட்டென்று முன்னேறியது!

பிறகு 30 குழந்தைகளுக்கு ஒரு வாரம் கொடுத்து, முடிவை 1937-ல் வெளியிட்டார். 14 பேர் படிப்பில் வெகுவாக முன்னேறினார்கள். பலர் அமைதியானார்கள். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'கணக்கு மாத்திரை'.

ஆனால் பிராட்லி அன்றே எச்சரித்தார்: கண்டபடி மருந்து கொடுத்தால், சிக்கலின் உண்மையான காரணம் மறைந்துவிடும்.

1999-ல் 579 குழந்தைகளிடம் 14 மாதம் நடந்த அமெரிக்க ஆய்வில், கவனக்குறைவையும் துடிதுடிப்பையும் குறைப்பதில், நடத்தைப் பயிற்சியை விட முறையான மருந்தே முந்தியது. இரண்டையும் சேர்த்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. ஆனால் மூன்றாம் ஆண்டில் அந்த வேறுபாடுகள் மறைந்துவிட்டன.

மாத்திரை குழந்தையை உட்கார வைக்கலாம். அது ஏன் உட்காரவில்லை என்று கேட்க வேண்டியது பெரியவர்கள்தான்.